சாக்லேட் வேலைக்குப் போன மருமகள்

விடியற்காலையில் என் மருமகள் கழற்றி வைத்துவிட்டுப் போகும் மஞ்சள் தாலிக்கயிறு, பெருமாள் படம் மாட்டிய ஆணியில் தொங்கும். அப்புறம் சாயங்காலம் வரை வீட்டில் நானும் அதுவும்தான். மகன் குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் ஆந்திர எல்லை தாண்டி ஸ்ரீ சிட்டியில் சாக்லேட் செய்யும் கம்பெனிக்குப் போனாள். அங்கே வளையல், பொட்டு, பூ, தாலி எதுவும் ஆகாது. ஒரு குண்டுமணி உதிர்ந்து விழுந்தாலும் ஏதோ ஊர்க் குழந்தை வாய்க்குப் போய்விடும் என்பார்களாம்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டேன். அவள் வந்தபிறகுதான் எங்கள் வீட்டுக்குள் பேச்சு வந்தது. வேலை முடிந்து வந்தால் அவள் மேல் வறுத்த வாசனை அடிக்கும். காலை நீட்டி உட்கார்ந்து கதை போலச் சொல்வாள். கொக்கோக் கொட்டையை வறுத்து, தோலை ஊதித் தள்ளி அரைத்தால், அதிலிருக்கும் நெய்யிலேயே கூழாகிவிடுமாம். சர்க்கரை, பால் பவுடர் சேர்த்து மறுபடியும் அரைத்து, இளஞ்சூட்டில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

"நாக்குல மணல் தட்டக்கூடாது அத்த. ஆறவைக்கிற பதம் தப்புனா மேல வெள்ளையா பூத்துக்கும்."

"நம்ப மாவு மிஷின்காரன் கிட்ட சொல்லு, களிக்குக் கேவுர அப்பிடி அரைக்கட்டும்" என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் வேடிக்கை பேசியது அவளிடம் மட்டும்தான்.

ஒருநாள் குழாயடியில் எதிர்வீட்டுக்காரி, "இன்னாக்கா, உன் புள்ள உசுரோடதானே கீறான்? மருமவ மொட்டக் கழுத்தோட பஸ் ஏறுறாளே!" என்றாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பேச்சு குவைத்துக்கும் போய்ச் சேர்ந்தது. மகன் போனில் கத்தினான். "ஊரே சிரிக்குது. நாளைக்கு அவ வேலைக்குப் போவக்கூடாது. நீ பாத்துக்கினு சும்மா கீறியாம்மா?" அவள் அடுப்பு முன்னால் குந்திக்கொண்டு நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு எப்படி வாய் வந்ததோ தெரியாது. "தாலி கட்டுன நீ அங்க குந்திக்கினு கீற. தாலிய நான் பத்திரமா பாத்துக்கினு கீறேன். அவ போவா. இன்னொரு வாட்டி இந்தப் பேச்சு எடுத்தினா நான் போன எடுக்கமாட்டேன்" என்றேன். விடிந்ததும் கயிற்றை நானே அவள் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினேன்.

அவள் வேலையில் நிலைத்தாள். கெட்டிக்காரி, தெலுங்கும் தண்ணீர்பட்ட பாடு. கொட்டை வாங்கும் இடத்தில் தரம் பார்க்க ஆள் வேண்டும் என்று கம்பெனி அவளைக் கோதாவரிப் பக்கம் அனுப்பியது. "நீயும் வா அத்த" என்று கூப்பிட்டாள். மகன் வந்து பூட்டிய வீட்டைப் பார்க்கக் கூடாதே என்று நான் இருந்துவிட்டேன். அவன் இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். அங்கே தென்னை நிழலில்தான் கொக்கோ வளர்க்கிறார்களாம். பலா மாதிரி அடிமரத்திலேயே காய் பிடிக்குமாம். உடைத்தால் சீத்தாப்பழம் போல வெள்ளைச் சதை, இனிப்பாம். உள்ளே கொட்டை கசக்குமாம். வாழையிலை மூடிப் புளிக்கவைத்து, வெயிலில் காயப்போட்டு எடுத்தால்தான் அதற்கு வாசனையே வருமாம். எல்லாம் சொல்லிவிட்டு, "நீ ஏதாச்சும் பேசேன் அத்த" என்பாள்.

"இன்னாத்த பேசறது" என்பேன்.

இரண்டு பேரும் போனை வைப்பதில்லை. அந்தப் பக்கம் தென்னை ஓலை சலசலக்கும். யாராவது அவளைத் தெலுங்கில் கூப்பிடும்வரை அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.