ஃபக்ருதீன் பாய் பொட்டலம் கட்டுகிறார்

“இத பாருங்க. இந்தக் கூஜாவுக்கு இது பொறந்த மூடி இல்ல, தத்து எடுத்த மூடி. மூடுனா மூடிக்கும். ஆனா மனசார மூடாது. அப்பால என்மேல வருத்தப்படக் கூடாது.”

ஃபக்ருதீன் பாய் இப்படி மன்றாடுவது ஒரு கைப்பேசியிடம். அரிசி டின்மேல் சாய்த்து நிறுத்திய அந்தக் கைப்பேசி, அவர் கூஜாவைப் பொட்டலம் கட்டுவதை ஆதியோடந்தமாகப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. இணையத்தில் பழைய பொருள்களை ஏலம் விடுகிறவர்கள் இப்படிப் படம் எடுத்து வைத்துக்கொள்வது வழக்கம்தான். நாளைக்கே ஒருவர் பொருள் உடைந்து வந்தது என்று சண்டைக்கு வந்தால் ஆதாரமாகக் காட்டலாம். மற்றவர்கள் ஒரு நிமிடம் எடுப்பார்கள். பாய் எடுப்பது முழுநீளப் படம். கூஜாவில் தொடங்கி, செவிலிமேட்டுக்கு வரும் டவுன் பஸ்ஸின் ஒழுங்கீனம், கத்தரிக்காய் விலை, தன் இடது முழங்கால் என்று போய், ஒருவழியாகக் கூஜாவுக்குத் திரும்புவார். நாலு பேர் உட்கார்ந்து கேட்பது போலத்தான் பேசுவார். ஒருவரும் கேட்டதில்லை. மனைவி தாஹிரா ஒரு முறை கேட்க உட்கார்ந்து, சாய்ந்து, உறங்கிப்போனார்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் அவர் வீட்டு முன்னறைதான் கிடங்கு. வீட்டை இடித்து மாடி கட்டுகிறவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே பாயின் மொபெட் நிற்கும். கூரம், ஐயம்பேட்டை என்று சுற்றி, பித்தளை அண்டா, எனாமல் தட்டு, வால்வு ரேடியோ, எதற்கு என்றே தெரியாத இரும்புச் சாமான் எல்லாம் அள்ளிக்கொண்டு வருவார். தெரியாத சாமானுக்குத்தான் ஏலத்தில் கிராக்கி அதிகம். அதன் காரணத்தை அவரும் ஆராய்ந்ததில்லை.

ஏலம் முடிகிற கடைசி நிமிடங்களில் அவரால் கைப்பேசியைப் பார்க்க முடியாது. பரீட்சை முடிவு பார்க்கிற பையனுடைய நெஞ்சு அவருக்கு. கைப்பேசியைத் தாஹிராவிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். “ஏறிச்சா?” “ஏறிச்சி.” “யாரு?” “யாரோ.” “போதும்னு சொல்லு பாவம், அவன் சம்சாரம் திட்டப்போவுது.” உலகத்தில் ஏலம் விடுகிறவர்களில் விலை ஏறினால் வருத்தப்படுகிறவர் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

பொருளைப் பற்றி அவர் எழுதிப்போடும் விவரமும் அப்படித்தான். பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணின் குறட்டையை முதலில் சொல்லுகிற தகப்பன் அவர். “தாம்பாளம். ஒரு பக்கம் லேசாக நெளிந்திருக்கும். இன்னொரு பக்கமும் நெளிந்திருக்கலாம், வெளிச்சம் போதவில்லை. கண்டுபிடிக்கிறவர் தெரிவிக்கவும்.” இப்படி எழுதியும் வாங்குகிறார்கள். வாங்கிவிட்டு ஐந்து நட்சத்திரமும் போடுகிறார்கள்.

இந்த நட்சத்திரம்தான் விஷயம். பாய் கடை திறந்த நாள் முதல் அவருக்கு ஐந்துக்குக் குறைந்து எவரும் போட்டதில்லை. அதனால் ஏலத் தளத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை முத்திரை இருக்கிறது. இதன் அருமை வெளியாருக்குப் புரியாது. பத்தாம் வகுப்பில் கணக்குக்கு முப்பத்தெட்டு வாங்கியவர் அவர். லைசென்சுக்கு எட்டு போட்டபோது காலை ஊன்றியவர். நிக்காஹ் பேச வந்தபோது மாமனார் மேலும் கீழும் பார்த்து, “பரவால்ல,” என்றுதான் சொன்னார். வாழ்க்கையில் முழு மதிப்பெண் என்ற ஒன்றை அவர் ஐம்பது வயதுக்கு மேல்தான் முதன்முதலாகச் சந்தித்தார். காலையில் எழுந்ததும் அந்தப் பச்சை முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டீ.

இப்படிப்பட்ட மனிதரின் வாழ்க்கையில் ராசிபுரம் ஆதிகேசவன் வந்து சேர்ந்தார்.

அவர் ஏலத்தில் எடுத்தது ஒரு சுவர்க் கடிகாரம். தொங்கட்டான் ஆடும், மணிக்கு மணி கணீரென்று அடிக்கும் பழைய சாதி. எடுப்பதற்கு முன்பே ஆதிகேசவன் தமது குணத்தைத் தெரிவித்துவிட்டார். மணி அடிக்கும் படத்தைப் பாய் போட்டிருந்தார். “இது எப்போது எடுத்த படம்?” என்று கேள்வி வந்தது. அன்றைய செய்தித்தாளைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மறுபடி எடுக்கச் சொன்னார். கடத்திப்போன பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. பாய் பிடித்தார். கடிகாரமும் ஒத்துழைத்து அடித்தது.

பெட்டி ராசிபுரம் போய்ச் சேர்ந்த மறுநாள் ஏலத் தளம் வழியாகக் கடிதம் வந்தது. தாஹிராதான் படித்தார். “கடிகாரம் சேதமடைந்து வந்துள்ளது. ஓடுகிறது, மணி அடிக்கவில்லை. பணத்தைத் திருப்பவும். தவறினால் ஒற்றை நட்சத்திரம்.”

பாய் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். வந்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு மணிவண்ணன் அப்போதுதான் ஒரு பை நிறையக் கழிவு நூலோடு உள்ளே வந்தார். தறியில் மிஞ்சும் பட்டு, சரிகைத் துணுக்கு எல்லாம் அவர் வீட்டிலிருந்து பாய்க்குத்தான் வரும். மற்ற ஊர்களில் பொட்டலத்துக்குள் வைக்கோலும் செய்தித்தாளும் அடைப்பார்கள். பாய் அனுப்பும் இரும்பு அரிவாள்மனைகூடப் பட்டு மெத்தையில்தான் பயணம் போகும்.

கடிதத்தைக் கேட்ட மணிவண்ணன் அந்த இடத்திலேயே தீர்ப்பு வழங்கினார். “டூப்பு பாய் இது. நல்ல மணிய கழட்டி வெச்சிக்கினு, காசையும் வாங்கிக்கினு, ஒனக்கு நாமம் போட்டுட்டுப் போயிடுவான். அவன் முன்னாடி யாருக்கு இன்னா எழுதியிருக்கான்னு பாரு.”

பார்த்தார்கள். ஆதிகேசவன் மற்ற விற்பனையாளர்களுக்கு எழுதிய விமர்சனங்கள் வரிசையாக இருந்தன. “தராசு. எடை சரியாகக் காட்டுகிறது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை.” “பூட்டு. பூட்டுகிறது. திறக்கவும் செய்கிறது. கவனித்து வருகிறேன்.”

“பாத்தியா, பூட்டையே சந்தேகப்படறான்,” என்றார் மணிவண்ணன்.

பதில் எழுத வேண்டும். பாயின் கட்டைவிரல் ஒரே சமயத்தில் மூன்று எழுத்தை அழுத்தும். ஆகவே அவர் சொல்ல, தாஹிரா தட்டுவது வழக்கம்.

“எழுது. யோவ்.”

தாஹிரா தட்டினார்: “ஐயா, வணக்கம்.”

“ஒன்ன மாதிரி ஆளுங்கள நான் எத்தினி பேரப் பாத்திருக்கேன்.”

“தங்களைப் போன்றவர்களைக் காண்பது அரிது.”

“செவிலிமேட்டுக்கு வந்து பாரு, நான் யாருன்னு தெரியும்.”

“காஞ்சிபுரம் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வரவும்.”

“படிச்சுக் காட்டு.”

தாஹிரா முகம் மாறாமல் படித்துக் காட்டினார். பாய் தாடியைத் தடவி யோசித்தார். “கொஞ்சம் காரமாத்தான் இருக்குது. இருக்கட்டும், போடு.”

கூடவே பிரம்மாஸ்திரத்தையும் விட்டார். கடிகாரத்தைப் பொட்டலம் கட்டிய முழுப்படம். “ஒரு தபா நீங்க பாத்துட்டு அனுப்புங்க,” என்றார் தாஹிரா. “நான் பேசினத நானே குந்தி பாக்கறதா? எனக்கென்ன வேற வேல இல்லியா?” என்றார் பாய். படம் ராசிபுரம் போனது.

இரண்டு நாள் சத்தமே இல்லை. மணிவண்ணன் வாசலில் நின்று, “ஓடிட்டான் பாய். ஆதாரத்தப் பாத்ததும் ஓடிட்டான்,” என்று அறிவித்தார். பாய் ஜெயித்த முகம் காட்டினார். ஆனால் காலையில் மட்டும் அல்லாமல், மத்தியானமும் சாயங்காலமும் பச்சை முத்திரையை எடுத்துப் பார்த்துக்கொண்டார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொல்லவில்லை. தாஹிரா அதைக் கண்டு கவலைப்பட்டார். உப்பு அன்றைக்கு நிஜமாகவே இல்லை.

மூன்றாம் நாள், மணிவண்ணனும் முன்னறையில் இருந்தபோது, வீடியோ அழைப்பு வந்தது. திரையில் நெற்றி நிறைய விபூதியும், மூக்கு நுனியில் கண்ணாடியுமாக ஒருவர். பின்னால் சுவரில் கடிகாரம் ஊமையாக ஆடிக்கொண்டிருந்தது.

“நான் ஆதிகேசவன் பேசறேனுங்க. உங்க படத்தப் பாத்தேன். முழுசாப் பாத்தேன். நாலு தடவ பாத்தேன்.”

பாய்க்குச் சண்டை மறந்துபோனது. “முழுசாவா?”

“சந்தேகம்னு வந்துட்டா நான் பாதியில விடறதில்லீங்க. ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லோணும். நடுவுல சிலிண்டர்காரரு வந்தாரில்ல?”

“வந்தாரு.”

“பழைய சிலிண்டர் லீக்காவுதுன்னு அவரத் திட்டிக்கிட்டே, கடிகாரத்துக்குள்ள கைய விட்டு என்னத்தையோ கட்டுனீங்க. அத எப்ப அவுத்தீங்க?”

தாஹிரா கணவரைப் பார்த்தார். மணிவண்ணன் கூரையைப் பார்த்தார். பாய் எவரையும் பார்க்கவில்லை. அவருடைய கண்கள் வேறெங்கோ, சிலிண்டர்காரர் வாசலில் நின்ற அந்த நேரத்தில் இருந்தன. வழியில் ஆடி அடிபடாமல் இருக்க, மணி அடிக்கும் சுத்தியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டியவர் அவர்தான். தொங்கட்டானைக் கழற்றியது பற்றி, மாட்டுவது பற்றி, எண்ணெய் விடுவது பற்றி எல்லாம் வாய் ஓயாமல் சொன்னவர், இதை மட்டும் சொல்வதற்குள் சிலிண்டர்காரர் குரல் கொடுத்துவிட்டார். கை பாட்டுக்கு முடிச்சைப் போட்டது. வாய் பாட்டுக்குச் சிலிண்டரைத் திட்டியது.

“கட்டு ஒண்ணும் உள்ள காணோமே. டார்ச் அடிச்சே பாத்துட்டேன்,” என்றார் ஆதிகேசவன். சந்தேகம் மறுபடி தலையெடுத்தது.

“கண்ணுக்குத் தெரியாதுங்க,” என்றார் பாய், முனகலாக. “சரிகையில கட்டிட்டேன்.”

வேறு ஊர்க்காரர் என்றால் சணலில் கட்டியிருப்பார். சணல் தெருமுனையிலிருந்தே தெரியும். கை நீட்டினால் பட்டும் சரிகையும் அகப்படுகிற ஊரில் பிறந்தவர், பித்தளைச் சுத்தியைப் பொன்னிறச் சரிகையால் கட்டிவைத்தார். பித்தளையில் சரிகை படிந்துபோனால் டார்ச் என்ன, சூரியனே இறங்கி வந்து தேடினாலும் அகப்படாது.

“கண்ணால பாக்காதீங்க. வெரல வெச்சி தடவுங்க. சுத்திக்குப் பின்னாடி. நெருடுதா?”

“இருங்க... நெருடுதுங்க! அட, நெருடுதுங்க!”

“கத்தரிய எடுத்து மெதுவா, மெதுவா...”

“பாத்து பா,” என்று மணிவண்ணன் இடையில் புகுந்தார். “நம்ம சரிகை. சீக்கிரத்துல அறாது.” அந்த நேரத்திலும் அவருக்குச் சரக்கின் பெருமை.

கத்தரி ‘நறுக்’ என்றது. பத்து நொடிக்குக் கடிகாரம் இத்தனை நாள் சும்மா இருந்த பழக்கத்தில் சும்மா இருந்தது. பிறகு அடித்தது. கணீரென்று, ராசிபுரத்திலிருந்து செவிலிமேடு வரைக்கும் அடித்தது. நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போனது.

“மணி நாலரைதானே ஆகுது, இது பதினொண்ணு அடிக்குதே?” என்றார் ஆதிகேசவன், தம் இயல்பு மாறாமல்.

“மாட்டுன அன்னிக்கு அடிக்க வேண்டியது. தொண்டையிலயே நின்னுக்கினு இருந்துச்சு பாவம். அடிக்கட்டும் விடுங்க!”

ஆதிகேசவன் முதலில் சிரித்தார். அவர் சிரிப்பார் என்பதே முன்னறையில் இருந்த எவரும் எதிர்பாராத சேதி. அந்தச் சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது. தாஹிரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாய், “தப்பு என்னுதுதாங்க. நட்சத்திரம் எத்தினி போடணுமோ அத்தினி போடுங்க. ஒண்ணு போட்டாலும் சரி,” என்றார். சொல்லிவிட்டார், ஆனால் ‘ஒண்ணு’ என்ற இடத்தில் குரல் உள்ளே போய்விட்டது.

“அதெல்லாம் அப்புறமுங்க,” என்றார் ஆதிகேசவன். “எனக்கு வேறொண்ணு தெரியணும். அந்த சிலிண்டர் லீக்கு என்னாச்சு? படத்துல அத முடிக்காம விட்டுட்டீங்க. ரெண்டு நாளா மண்டைக்குள்ளயே நிக்குது.”

பாய் அரைமணி நேரம் பதில் சொன்னார். வாஷர் வந்த கதை, பொருந்தாமல் போன கதை, வேறு வாஷர் வந்த கதை. ராசிபுரம் இடையிடையே, “அப்புறம்?” என்று கேட்டது. மணிவண்ணன் தறிக்கு நேரமாயிற்று என்று நழுவினார்.

சாயங்காலம் விமர்சனம் வந்தது. பாய் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். தாஹிரா படித்தார். “கடிகாரம். மணி அடிக்கிறது. விற்பவர் பேச்சு அதிகம். ஆனால் கேட்கலாம். ஐந்து நட்சத்திரம்.”

“அல்லாவே,” என்றார் பாய். திரும்பவில்லை. “அந்தக் கடைசிக்கு முன்னாடி இருக்கறத மறுபடி படி.”

“ஐந்து நட்சத்திரமா?”

“அது இல்ல. அதுக்கு முன்னாடி.”

“ஆனால் கேட்கலாம்.”

மறுநாள் ஒரு வால்வு ரேடியோ பொட்டலம் கட்ட வேண்டியிருந்தது. தாஹிரா கைப்பேசியை அரிசி டின்மேல் சாய்த்துவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தப் போனார்.

“இரு, இரு,” என்று பாய் உள்ளே போனார். கண்ணாடி முன் நின்று தாடியைச் சீவினார். அத்தர் சீசாவைத் திறந்து இரண்டு காதுக்குப் பின்னாலும் ஒவ்வொரு சொட்டுத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார்.

“ம், இப்ப போடு.”