அணைத்திட்டில் நூக்கோல்

அவலாஞ்சிப் பக்கம் அணைத் தண்ணீர் இறங்கினால் நடுவில் ஒரு மண்திட்டு தலைகாட்டும். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்த வாலாட்டிக் குருவிகள் திரும்பிப் போகுமுன் அங்கே கூடுகின்றன என்று கேள்விப்பட்டு, ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு காலை போனேன். எனக்குத் தேயிலை பேக்டரி ஆபீஸில் வேலை. லீவு நாளில் பறவை பார்ப்பேன். மீன் பிடிப்பவர் ஒருவர் பரிசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

குருவிகள் இருந்தன. மஞ்சள் வயிறு, ஓயாத வால். ஆனால் என் கவனம் அவற்றில் நிற்கவில்லை. புதருக்குப் பின்னால் ஒருவர் குத்துக்காலிட்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் அவசரமாகத் தரையில் எதையோ சாக்கால் மூடினார். தூண்டில் இல்லை, வலை இல்லை. கையில் நைலான் கயிறு மட்டும். கண்ணி வைக்கிற ஆள் என்று முடிவுகட்டினேன். பைனாகுலரை அவர் பக்கம் திருப்பினேன். திருப்பிய போதெல்லாம் அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் பொறுத்துவிட்டு அருகே போனேன்.

"சாக்குக்கு அடியில என்னங்க? குருவி பிடிக்கிறீங்களா?"

"ஐயோ, இல்லீங்க." பிறகு குரல் இறங்கியது. "ஏனுங்க, நீங்க பாரஸ்ட் டிபார்ட்மென்ட்டுங்களா?"

"ஆமா" என்றேன். பொய் தடங்கலில்லாமல் வந்தது.

அவரே சாக்கை விலக்கினார். அதனடியிலும் புதர் மறைவிலுமாக ஈர வண்டலில் நான்கு பாத்தி, விரல் உயரத்துக்கு நூக்கோல் நாற்று. கயிறு, வரிசை கோணாமல் நடுவதற்கு.

"சொந்தமா நிலமில்லீங்க. மழைக்குத் தண்ணி ஏறதுக்குள்ள எடுத்துருவேன். கேஸ் எழுதிராதீங்க."

அவர் கொத்திவிட்ட மண்ணில்தான் வாலாட்டிகள் புழு பொறுக்கிக்கொண்டிருந்தன. உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். எனக்கோ சந்தேகம் முழுதாகப் போகவில்லை. சாக்கை உதறிக் காட்டச் சொன்னேன். ஒரு இறகுகூட விழவில்லை. "சரி, பாக்கலாம்" என்று அதிகாரி மாதிரியே சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வாரம் முழுக்க அது உறுத்தியது. அடுத்த ஞாயிறு, நான் யாரென்று சொல்லிவிடலாம் என்று மறுபடி போனேன். பாத்திகளைக் கலைத்து மட்டமாக்கியிருந்தது. பிடுங்கிய நாற்று தண்ணீர் ஓரம் வாடிக் கிடந்தது. அவரைக் காணோம். குருவிகளும் இல்லை. வடக்கே கிளம்பிவிட்டனவா, கொத்திய மண் இல்லாததால் வேறிடம் போயினவா, தெரியவில்லை.

திரும்பும்போது பரிசல்காரரிடம் சொன்னேன். "நான் டிபார்ட்மென்ட் இல்லீங்க. அன்னைக்குத் திட்டுல இருந்தவர் கேட்டப்ப சும்மா ஆமான்னுட்டேன். பாத்தா சொல்லிருங்க."

அவர் துடுப்பை நிறுத்தி, என் முகத்தையும் கழுத்தில் தொங்கிய பைனாகுலரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னைக்குச் சொல்றது மட்டும் நெசமுங்களா?"