பூதப்பாண்டிப் பக்கம் ஒரு வயலை அளக்கப் போனோம்

புதிய சாலை போகவிருக்கும் வயல்களில், மண்ணைத் தோண்டாமலே அடியில் பழங்காலச் சுவரோ சூளையோ இருக்கிறதா என்று பார்ப்பது என் தோழி டெய்சியின் வேலை. கும்பப்பூ நெல் அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையில் முடித்தாக வேண்டும். "ஆளு பத்தல, வாறியா?" என்று கேட்டாள். மே மாத வெயிலில் கிளம்பிவிட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து பத்து கிலோமீட்டர்போல இருக்கும். ஆட்டோவுக்கு முந்நூறு கேட்டார்கள், பேருந்தே நல்லது. காலை ஆறரைக்கு வயலில் இருந்தேன்.

காந்தமானி என்ற கருவியைத் தூக்கிக்கொண்டு, குச்சி நட்டுக் கட்டிய கயிற்றை ஒட்டி நேராக நடக்க வேண்டும். தீ பட்ட செங்கல், அடுப்பு எல்லாம் படத்தில் மெல்லிய நிழலாகத் தெரியும். இரும்பு பக்கத்தில் வந்தால் போச்சு, கருவி துள்ளிவிடும். இரும்புக் கொக்கி வைத்த பெல்ட்டைக் கழற்றியதும் என் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. மதியம் ஒரு சாரம், அதாவது கைலி, வாங்கிக் கட்டிய பிறகுதான் மானம் தப்பியது.

வயல்காரி சுயம்புக்கனி அக்கா வரப்பில் உட்கார்ந்து டெய்சியைக் கேள்வியால் துளைத்தெடுத்தார். அவருக்கு இருப்பது இந்த ஒரு வயல்தான்.

"பழசு ஏதாவது கெடந்தா ரோட்ட மாத்துவாவளா மக்கா?"

"மாத்தலாம்க்கா. உறுதியா சொல்ல முடியாது."

மறுநாள் காலை எங்களுக்குப் புட்டும் பழமும் தந்தார். "தோசைக்கல்லக் காணல" என்றார், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

பதினொரு மணிக்கு மடிக்கணினியில் படம் வந்தது. வயலின் நடுவே கருப்பும் வெள்ளையும் ஒட்டிய பெரிய பொட்டு. நான் துள்ளிக் குதித்தேன். டெய்சி உதட்டைப் பிதுக்கினாள். "இரும்பு. மேலாப்பில கெடக்கு."

போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் மண் பொலபொலவென்று இருந்தது. அக்காவே மண்வெட்டியோடு வந்து, ஒரு வெட்டு வெட்டித் தோசைக்கல்லை வெளியே எடுத்தார்.

"நீதானே மக்கா சொன்ன, இரும்புன்னா மெசின் துள்ளும்னு" என்றார் டெய்சியிடம்.

எனக்குச் சிரிப்பு முட்டியது. அவர் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

டெய்சி திட்டவில்லை. "அதுக்க அடியில உண்மையாவே ஏதாவது கெடந்தா, இது மறைச்சிரும்லாக்கா. வாங்க, திருப்பி நடப்போம்." உச்சி வெயிலில் அந்தப் பகுதி முழுவதையும் மறுபடி நடந்தோம். நான் முனகியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கயிற்றின் ஒரு நுனியை அக்கா பிடித்திருந்தார்.

புதிய படம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். "ஒண்ணும் இல்லக்கா" என்று டெய்சி படத்தை அக்கா பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒரு பானை ஓடாவது இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

இந்த வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் சாரமும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோனை வரப்பிலேயே விட்டுவிடுங்கள். முக்கியமாக, வயல்காரரிடம் நம்பிக்கை தரும்படி எதையும் சொல்லாதீர்கள். அந்தப் படத்தில் தன் வயல் பிழைக்குமா என்றுதான் அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

நாங்கள் குச்சிகளைப் பிடுங்கும்போது, அக்கா தோசைக்கல்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏலே, நாளைக்குக் காலத்த டிராக்டரக் கொண்டாந்திரு. விதைக்கணும்."

அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, குரல் உயர்ந்தது.

"ரோடு வரும்போ வரட்டு. இப்பம் இது எனக்க வயலுலா?"