காற்று இறங்கிய கார்

ஊரப்பாக்கத்தில் வசிக்கும் எனக்குப் பழைய சொகுசு கார்கள் மேல் தீராத ஆசை. போன வருடம் ஒன்றை வாங்கியே விட்டேன். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று அடைத்த ரப்பர் பைகளின் மேல் நிற்கும் வண்டி அது. பள்ளத்தில் இறங்கினால்கூட உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கவிதாவுடன் மாமல்லபுரம் போனேன். மீனவர் குப்பத்தை ஒட்டிய வேகத்தடையில் அடியில் ஏதோ பலமாக உரசியது. ஓரமாக நிறுத்தி, மல்லாந்து படுத்து, தலையை வண்டிக்கு அடியில் நுழைத்துப் பார்த்தேன்.

"ஏங்க, வண்டி கீழ இறங்குற மாதிரி இருக்கு. வெளியே வாங்க!" என்றாள் கவிதா.

"ஒரு நிமிஷம் இரும்மா" என்றேன்.

அவள் இருக்கவில்லை. என் இரண்டு கால்களையும் பிடித்துத் தரதரவென்று இழுத்துவிட்டாள். சட்டை கிழிந்து, முதுகு சிராய்த்து, கோபத்தோடு எழுந்து உட்கார்ந்தேன். அதற்குள் புஸ்ஸென்ற சத்தத்தோடு வண்டி சரிந்து படுத்துவிட்டது. என் தலை இருந்த இடத்தில் இப்போது கைகூட நுழையாது.

மீன்கூடையோடு போன ஒருவர் ஓடிவந்தார். "இன்னா அண்ணாத்த, அண்ணி மட்டும் இல்லன்னா பேஜாராயிருக்கும்!" என்றார். 

பழசாகிப்போன ரப்பர் பை வெடிப்பு விட்டிருப்பதைச் செங்கல்பட்டு மெக்கானிக் காட்டினார். பையை மாற்றியதும் வண்டி மறுபடியும் மிதக்கிறது. ஆனால் இரும்புத் தாங்கி வைக்காமல் இப்போதெல்லாம் அடியில் கையைக்கூட விடுவதில்லை. கவிதா ‘வாங்க’ என்றால், வெளியே வந்த பிறகுதான் ஏன் என்று கேட்கிறேன்.