கப்பலேறியவரின் மனைவி

இது நடந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கிழக்கு லண்டனில். நான் அப்போது மனோர் பார்க்கில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தேன். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு தமிழ்க் கடையில் வேலை. புதன்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு லீவு. குளிர்காலத்தில் என் அறையில் இருப்பதைவிட நூலகத்தில் இருப்பது சுகம், அங்கே ஹீட்டர் நன்றாக வேலை செய்யும்.

அந்த நூலகத்தில் புதன்கிழமைகளில் உள்ளூர் வரலாற்று வகுப்பு ஒன்று நடந்தது. இலவசம். இங்கிலீஷ் பழக ஒரு வழி என்று போய்ச் சேர்ந்தேன். நடத்தியவர் ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலேய ஆசிரியை. அவரவர் தங்கள் குடும்ப வரலாற்றைத் தேட வேண்டும் என்றார். என் முறை வந்தபோது, எங்கள் காணி உறுதி, பிறப்புப் பதிவு எல்லாம் யாழ்ப்பாணத்தில் வீட்டோடு எரிந்துபோய்விட்டன என்றேன். அவருடைய முகம் இளகிவிட்டது. அப்படியானால் உங்கள் சமையலைப் பற்றிச் சொல்லலாமே, ஏதாவது செய்துகொண்டு வந்தாலும் சந்தோஷம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

வகுப்பில் அப்போது ஒருவரைப் பற்றித்தான் பேச்சு. எங்கள் பகுதியிலிருந்து பல நூறு வருடங்களுக்கு முன்பு கப்பலேறி, அமெரிக்காவில் முதன்முதலாகக் குடியேறிய ஆங்கிலேயர்களில் ஒருவர். பக்கத்துத் தேவாலயச் சுவரில் அவரைப் புகழ்ந்து ஒரு கல்லே பதித்திருந்தார்கள். அவருடைய வழிவந்தவர்கள் அமெரிக்காவிலிருந்து கோடைகாலத்தில் வரப்போகிறார்கள். அதற்காக அவருடைய தகப்பன், பாட்டன், சகோதரர்கள் என்று எல்லோரையும் தேடி ஒரு கண்காட்சி வைக்க ஏற்பாடு.

நான் கையைத் தூக்கினேன். "அவருக்கு இங்கே மனைவி இருந்தாளா?"

இருந்தாள், ஆனால் அந்தக் கிளை தழைக்கவில்லை என்றார் ஆசிரியை. வரப்போகிறவர்கள் எல்லோரும் அமெரிக்காவில் அவர் கட்டிய இரண்டாவது மனைவியின் வழி. முதல் மனைவிக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் கப்பலேறுவதற்கு முன்பே அவள் இறந்துவிட்டதாக அமெரிக்கக் குடும்பம் தங்கள் புத்தகத்தில் எழுதியிருக்கிறது, அது சரியா என்று தனக்குச் சந்தேகம்தான், ஆனாலும் யாருக்கு அதில் அக்கறை என்றார்.

"எனக்கு. நான் அவளைத் தேடுகிறேன்."

பக்கத்தில் இருந்தவர் பழைய பஸ் கண்டக்டர், அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். அவர் பலமாகச் சிரித்துவிட்டார். உன் சொந்த மனிதர்களைத் தேடினால் உனக்கு இன்னும் நெருக்கமாக இருக்குமே என்றார் ஆசிரியை. நான் விடவில்லை. உங்கள் ஆட்கள் எங்கள் ஊருக்கு வந்து எங்கள் சாதி, கோயில், கல்யாணம், செத்தவீடு எல்லாவற்றையும் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதினார்கள், உனக்கு என்ன சம்பந்தம் என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை, நான் உங்களில் ஒரேயொருத்தியைத்தானே கேட்கிறேன் என்றேன். என் உடைந்த இங்கிலீஷில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஆசிரியை பழைய பதிவுகளின் பட்டியலை என் பக்கம் தள்ளினார்.

எனக்கு ஏன் அவ்வளவு வீம்பு என்று சொல்ல வேண்டும். எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் என் கணவர் லண்டனுக்கு வந்தார். வந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். கொஞ்ச நாள் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. நான் வருடக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் என் தம்பியின் உதவியோடு நானே வந்து சேர்ந்தேன். லண்டனின் வடக்குப் பக்கம், எட்மண்டனில் அவர் இருந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். கைக்குழந்தையோடு வேறொருத்தி திறந்தாள்.

கடை முதலாளியின் மனைவியை நான் அக்கா என்பேன். எனக்கு வேலை தந்தவரே அவர்தான். "சனம் கேட்டால் அவர் ஜெர்மனியில எண்டு சொல்லு. உன்ர மரியாதைக்குத்தான் சொல்றன்" என்று சொல்லிவைத்திருந்தார். நானும் கோயிலில், கடையில், பஸ்ஸில் எல்லாம் அப்படியே சொல்லிவந்தேன்.

தேடல் மாதக்கணக்கில் போனது. பழைய தேவாலயப் பதிவுகளின் எழுத்து, எறும்பு மையில் விழுந்து நடந்ததுபோல இருக்கும். ஆசிரியை பிடிவாதக்காரியே தவிர வஞ்சகம் இல்லாதவர். ஒவ்வோர் எழுத்தாக எனக்கு வாசிக்கப் பழக்கினார். எனக்குக் கண் வலித்தால் கண்டக்டர் வாசிப்பார்.

மற்றவர்களின் பெயர் வேண்டாம். அவளுடைய பெயரை மட்டும் சொல்கிறேன்: ஆலிஸ். அவளுடைய பெண் குழந்தை ஒன்றுக்கு ஞானஸ்நானம் நடந்திருந்தது. கணவர் கப்பலேறிப் போன பிறகு அந்தக் குழந்தையை அடக்கம் செய்திருந்தார்கள். அவர் அங்கே இரண்டாம் கல்யாணம் செய்து பல வருடங்களுக்குப் பிறகுதான் ஆலிஸ் இறந்திருந்தாள். அவளுடைய அடக்கத்தை எழுதியவர் விதவை என்று எழுதவில்லை. இன்னாரின் மனைவி என்றே எழுதியிருந்தார்.

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர்களின் மனதை நோகடிக்க வேண்டாம், இதைக் கண்காட்சியில் வைக்க வேண்டாம் என்றார். நான் கடையில் கிடந்த சாமான் பெட்டியிலிருந்து ஒரு பெரிய மட்டையை வெட்டி எடுத்து, ஆலிஸைப் பற்றி என் கையாலேயே எழுதத் தொடங்கினேன். அக்கா பார்த்துவிட்டார்.

"உனக்கேன் பிள்ளை இந்தத் தேவையில்லாத வேலை? அவள் செத்து மண்ணாகி எவ்வளவு காலம்!"

"அதுக்காக அவளை உயிரோட இருக்கேக்கையே செத்தவள் எண்டு எழுதலாமோ, அக்கா?"

அக்கா சாமான்களுக்கு விலை ஒட்டப் போய்விட்டார். ஆனால் கண்காட்சி அன்று கடையை முதலாளியிடம் விட்டுவிட்டுத் தானும் வந்தார்.

நான் மட்டையைப் பலகையில் குத்தினேன். ஆசிரியை வந்து கழற்றினார். மறுபடி குத்தினேன். கண்டக்டர் தன் சட்டைப்பையிலிருந்து இன்னும் நாலு ஊசி எடுத்துத் தந்தார். அதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். வயதான ஓர் அமெரிக்கப் பெண்மணியும் அவருடைய தம்பியும். தம்பி வாசித்து முகம் சிவந்து, எங்கள் புத்தகத்தில் இப்படி இல்லை என்று சொல்லிவிட்டு அப்பால் போய்விட்டார். அந்தப் பெண்மணி நின்று முழுவதையும் வாசித்தார். யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"இவளுக்கும் உனக்கும் என்ன உறவு?"

"நானும் இப்படி விடப்பட்டவள்தான். என் கணவர் என்னை ஊரில் விட்டுவிட்டு வந்து இந்த லண்டனில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறார். இவளுக்குக் கப்பல் கிடைக்கவில்லை. நான் விமானம் ஏறி வந்துவிட்டேன்."

அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பின்னால் அக்கா கையில் தேநீர்க் கோப்பையோடு அப்படியே நின்றார்.

அவளைப் புதைத்த இடத்தைக் காட்டு என்றார் அந்தப் பெண்மணி. கல் ஒன்றும் இல்லை என்று சொல்லித்தான் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனேன். ஈரப் புல்லில் நின்றோம். சிறு வயதிலிருந்தே அவரை வீரர் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள் என்றார். கடலைத் தாண்டிப் போனவர் வீரர்தான், ஆனால் இவள் பிள்ளையைப் புதைத்துவிட்டு இதே தெருக்களில் நடந்து திரிந்தாளே, அதையும் எழுதுங்கள் என்றேன். அவர் எழுதுவதாக வாக்குத் தரவில்லை. யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னார். எழுதினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கண்காட்சிப் பலகை நூலகத்திலேயே இருந்தது. அடுத்த புதன் போனால் ஆலிஸைக் காணவில்லை. அலுமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து மாட்டினேன். அதற்கடுத்த புதனும் அதே கதை. இப்படியே கொஞ்சக் காலம் ஓடியது. பிறகு ஒருநாள் போய்ப் பார்த்தால் என் மட்டை இல்லை. அது இருந்த இடத்தில், என் எழுத்துப் பிழைகள் எல்லாம் திருத்தப்பட்டு, அழகாகத் தட்டச்சு செய்த ஒரு தாள், கப்பலேறியவரின் பெயருக்குப் பக்கத்திலேயே. ஆசிரியையின் வேலைதான் அது.

அந்த வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் தெரிந்த ஒரு மனுசி, "உம்மட அவர் எங்கை, ஜெர்மனியால வரேல்லையோ?" என்று கேட்டார்.

"அவர் எட்மண்டனில வேற ஒருத்தியோட இருக்கிறார். நான் மனோர் பார்க்கில இருக்கிறன்."

பக்கத்தில் நின்ற அக்கா என் கையை இறுக்கிப் பிடித்து, "வா பிள்ளை, பூசை தொடங்கப் போகுது" என்று முன்வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

இன்றைக்கும் யாராவது தங்கள் பரம்பரையில் கடல் கடந்து போய்ச் சாதித்தவரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னால், அவர் போனபோது வீட்டில் யார் இருந்தது என்று கேட்டுவிடுகிறேன், பதில் கிடைக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகர்வதும் இல்லை.