அட்டையில் படித்த கணினி

அடிப்படைக் கணினி வகுப்பு, முற்றிலும் இலவசம் என்று யாராவது துண்டுப் பிரசுரத்தை நீட்டினால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நானும் அப்படியொரு வகுப்பில் படித்தவள்தான். படித்தவளா? சரி, போய் வந்தவள் என்று வையுங்கள்.

சுனாமியில் வாப்பா மௌத்தானார். உம்மாவும் நானும் கடலோரத்திலிருந்து உள்ளே தள்ளி, அகதி முகாமில் ஒரு பலகைக் கொட்டிலில் இருந்தோம். எனக்குப் பத்தொன்பது வயது. ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டேன், வீட்டில் உழைக்க வேறு ஆள் கிடையாது. கணினி தெரிந்தால் கல்முனையில் அலுவலக வேலை நிச்சயம் என்று முகாம் முழுக்க ஒரே கதை. எங்களுக்கு வீடு கட்டித் தருவதாகப் பெயர் எழுதிக்கொண்டு போன வெளிநாட்டு நிறுவனமே ஒரு சிறிய கல்லூரியும் திறந்து, ஆறு மாத வகுப்புத் தொடங்கியது. எனக்கு வேண்டியிருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

பத்துக் கணினிகள் வந்து இறங்கின. காலையில் ஆண்கள். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு பின்னேரம் அஸர் வரை நாங்கள், பதினெட்டுப் பெண்கள். முதல் கிழமை எங்களுக்கு என்ன பாடம் தெரியுமா? உறை தைப்பது. பொம்பிளைப் பிள்ளைகள்தானே, தையல் தெரியும்தானே என்று படிப்பித்த சேர் துணி வாங்கித் தந்தார். நாங்களும் ஈயென்று இளித்துக்கொண்டு, ஓரத்துக்கு லேஸ் எல்லாம் வைத்து, பத்துக் கணினிக்கும் ரோஸ் நிறத்தில் உறை தைத்துக் கொடுத்தோம். எங்கள் நேரத்தில் அதில் ஒன்பது உறைகள் கழன்றதே இல்லை.

ஒன்றே ஒன்று மட்டும் ஓடும். நாங்கள் வரும் முன்பே சேர் அதைப் போட்டு வைத்திருப்பார். அவர் இயக்குவார், நாங்கள் அவருக்குப் பின்னால் நின்று பார்ப்போம். கை நீட்டினால், "தொட்டாப் பழுதாப் போயிரும் புள்ள" என்பார். தட்டச்சுப் பழக பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, அதில் எழுத்துக்களைக் கட்டம் கட்டமாக எழுதித் தந்தார். ஆறு மாதம் அந்த அட்டையைத் தட்டினேன். வன்பொருள் என்றால் என்ன, நினைவகம் என்றால் என்ன, எல்லாம் கொப்பியில் எழுதிப் பாடமாக்கினேன். சோதனையும் தாளில்தான். நான்தான் முதலாவது.

அந்தப் பெறுபேற்றுக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு கல்முனையில் ஓர் அலுவலகத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். அங்கிருந்த மிஸ் கடிதத்தைப் பார்த்துவிட்டு நல்லாச் சிரித்தார். ஒரு தாளைத் தந்து, அதை அடித்துவிட்டுக் கூப்பிடச் சொல்லிப் போய்விட்டார். கணினி ஓடவில்லை. திரைக்குக் கீழ் விளிம்பில் ஒரு பொத்தான் இருந்தது, அதை அழுத்தினேன். ஒரு மஞ்சள் வெளிச்சம் வந்தது. அவ்வளவுதான் போல, இனி தானாக வரும் என்று எழுத்துக்களின் மேல் விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழும்பிப்போய்க் கேட்டிருக்கலாம். முதலாவதாக வந்தவள் எந்த வாயால் கேட்பது?

மிஸ் திரும்பி வந்தார். மேசைக்குக் கீழே குனிந்து, அங்கே இருந்த பெட்டியில் ஒரு பொத்தானை அமத்தினார். உயிர் வந்துவிட்டது.

"போடவே தெரியாதா உங்களுக்கு?"

ஏசவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். எனக்கு அதற்குப் பிறகு ஒரு எழுத்தும் ஓடவில்லை. வேலை போனது.

நேராகச் சேரிடம் போனேன். கேட்டிருந்தால் சொல்லித் தந்திருப்பேன்தானே என்று என்மேலேயே பழியைப் போட்டார். அதோடு, ஞாயிற்றுக்கிழமை சான்றிதழ் விழா, வெள்ளைக்காரர் வருகிறார்கள், முதலாவது நீதான், நன்றி சொல்ல வேண்டும் என்றார். ஓம் என்றேன். ஏன் ஓம் என்றேன் என்று அவர் யோசித்திருக்க வேண்டும்.

விழாவன்று உறைகளைக் கழற்றிப் பத்துக் கணினிகளையும் ஓட விட்டிருந்தார்கள். நான் மைக்கைப் பிடித்தேன். பக்கத்தில் சேர், மொழிபெயர்க்க.

"நான் இந்த வகுப்பில முதலாவது. ஆனா ஒரு நாளாவது ஒரு கொம்பியூட்டரப் போட என்ன விடல்ல. பதினெட்டுப் பேரையும் விடல்ல. அதால எனக்குக் கிடைக்க இருந்த வேல போயிட்டு."

சேருக்கு முகம் கறுத்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. அவர் ஆங்கிலத்தில் சொன்னதில் ஹாப்பி என்பதும், தேங்க் யூ என்பதும் எனக்கு விளங்கின. வெள்ளைக்காரர் கை தட்டினார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? ஆனால் மண்டபம் நிறைய இருந்தவர்கள் எங்கள் ஊர்ச் சனம். நான் சொன்னது ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்கு விளங்கியது. அவர்களும் தட்டினார்கள். கூடப் படித்த பதினேழு பேரும் தட்டினார்கள். பெண்கள் பக்கம், மூன்றாவது வரிசையில் இருந்து உம்மாவும் தட்டினார்.

கொட்டிலுக்கு வந்து முக்காட்டைக்கூடக் கழற்றாமல் உம்மாவிடம் கத்தினேன். வெட்கமில்லையா, உங்களுக்கு விளங்கவில்லையா என்று. உம்மா அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தார்.

"விளங்கின மகள். அவங்கதானே வீடும் தாற. நம்மட பேர வெட்டிட்டாங்கெண்டா எங்க போற?"

பெயரை யாரும் வெட்டவில்லை. யுத்தம் முடிந்த வருடம் சாவியைத் தந்தார்கள். அன்றைக்கும் ஒரு விழா வைத்து, என்னை முன்வரிசையில் இருத்தினார்கள். உம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு முந்தி நான் கை தட்டினேன்.