பதினோரு வயதில் மேஜர் ஆனேன்

பசித்துச் சாப்பிடும் பழக்கம் எனக்கு இன்றுவரை வரவில்லை. வேளை வந்தால் சாப்பிடுவேன், வராவிட்டாலும் சாப்பிடுவேன். எதிரே தட்டு இருந்தால் கை தானாகப் போகும். சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர் என்னைத் திட்டும்போதெல்லாம், நீங்கள் திட்ட வேண்டிய ஆள் நானில்லை சார், அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று என்று சொல்ல வாய் வரை வந்துவிடும். சொன்னதில்லை. அந்த ஆள் என் பெரியப்பா. அவர்மேல் நான் வைத்திருந்த பாசத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊர். வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவருக்குத் தம்பியாக இருப்பதைத் தவிர என் அப்பா வேறு எதுவும் செய்ததாக எனக்கு நினைவில்லை. பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் கிடையாது, பெரியம்மாவும் முன்பே இறந்துவிட்டாள். வீட்டுக்கு நான் ஒரே பெண். அப்பாவின் உயரம், அதற்கு மேல் நல்ல பூசினாற்போன்ற உடம்பு. ஆறாம் வகுப்பில் மறைக்கிறது என்று பின்னால் உட்கார்ந்தவர்கள் புகார் சொல்லிச் சொல்லியே என்னைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளினார்கள். என்னோடு அங்கே வந்து உட்கார்ந்தவள் அஞ்சலை. அவள் முன்னால் உட்கார வேண்டிய அளவுக்குச் சின்ன உருவம். எனக்காகப் பின்னால் வந்தாள். அவளுடைய அப்பா எங்கள் வயலில் வேலை செய்தார்.

அரசாங்கம் நில உச்சவரம்பை முப்பது ஏக்கரிலிருந்து பதினைந்தாகக் குறைத்திருந்த காலம் அது. ஊர் நிலைகொள்ளாமல் கிடந்தது. ஒரு பக்கம் செங்கொடி ஊர்வலம், இன்னொரு பக்கம் ஆளுங்கட்சியின் ஒலிபெருக்கி. நிலம் வைத்திருந்தவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சாமி பெயருக்கும் செத்துப்போன தாத்தா பெயருக்கும் வயலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு வாய்க்கால் மேட்டில் இருந்த ஐந்து ஏக்கர் கணக்குக்கு மேலே நின்றது. அதை அரசாங்கம் எடுத்தால், அதில் உழுது நட்ட அஞ்சலையின் அப்பா போன்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் வீட்டில் மேஜரான பெண் ஒருத்தி இருந்தால் அவள் பெயரில் தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ ஒரு வக்கீல் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டார்.

இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு சாயங்காலம் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்து, சந்தையில் மாடு பார்ப்பதுபோல முன்னும் பின்னும் பார்த்தார். மறுநாள் கூத்தாநல்லூருக்கு ஆள் போய்த் தம்ரூட் வாங்கி வந்தது. முட்டையும் ரவையும் நெய்யுமாகச் செய்த அந்த இனிப்பு முழுவதும் எனக்கே எனக்கு. அதுவரை அவர் எனக்கு ஒரு கடலை மிட்டாய்கூட வாங்கித் தந்ததில்லை.

அன்றைக்குத் தொடங்கியது தீனி. விடிந்ததும் உளுந்தங்களி, அதன் நடுவில் குழி, குழி நிறைய நல்லெண்ணெய். பத்து மணிக்கு முட்டை, மதியம் நெய்ச் சோறு, மாலையில் அதிரசம், படுக்கும்முன் ஆடை நீக்காத பால். ஊர் கெட்டுக் கிடக்கிறது, பொம்பளைப் பிள்ளை வெளியே போக வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிட்டார். கணக்குப் பாடம் இல்லை, களி உண்டு என்றால் எந்தக் கழுதைக்குக் கசக்கும்? பெரியப்பாவுக்கு என்மேல் உயிர் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் விழுங்குவதை அப்படி ஆசையாகப் பார்ப்பார்.

உடம்புதான் ஒத்துக்கொள்ளவில்லை. தொடைகள் உரசிப் புண்ணாயின. படுத்தால் மூச்சு முட்டும், எழுந்தால் தூக்கம் வரும். ஒருநாள் அஞ்சலை கொல்லைப்புறமாக வந்து வாய்க்கால்வரை ஓடலாம் என்று கூப்பிட்டாள். முன்பெல்லாம் அவளோடு சேர்ந்தே ஓடுவேன். அன்று பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அவள் திரும்பி வந்து என் முதுகைத் தடவினாள். அவளுடைய கை எலும்பு என் முதுகில் குத்தியது. நான் பெரிய மனுஷி மாதிரி, நீ நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று அவளுக்குப் புத்தி சொன்னேன்.

அம்மா பயந்துபோனாள். கோயிலுக்கு என்று சொல்லி என்னை மன்னார்குடிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினாள். அந்த அம்மாள் என் கண்ணை விரித்துப் பார்த்தார், முதுகில் குழலை வைத்துக் கேட்டார், பிறகு என் அம்மாவைப் பார்த்து, "இது வளர்த்தி இல்லம்மா, வீக்கம். நெய்யையும் இனிப்பையும் நிறுத்துங்க. சோத்தக் குறைச்சு கீரை, காய், பயறு குடுங்க. புள்ளைய ஓட விடுங்க" என்றார். இவ்வளவு எடையோடு ரத்தமும் குறைவாக இருக்கிறது என்று அவர் சொன்னதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை. இவ்வளவு கொட்டியும் ரத்தம் எங்கே போயிற்று என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் புலம்பினாள்.

அதன்பின் வீட்டில் ஒரு சத்தமில்லாத சண்டை நடந்தது. என் தட்டுதான் போர்க்களம். பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பும் நேரத்தில் அம்மா களியில் இருந்த எண்ணெயை வடித்துவிடுவாள். நெய்ச் சோற்றுக்கு அடியில் முருங்கைக்கீரையை ஒளித்து வைப்பாள். அதிரசம் இருந்த தூக்கைக் கொண்டுபோய் மாட்டுக்கு வைத்துவிட்டு, பூனை தின்றுவிட்டது என்பாள். அதிரசம் தின்னும் பூனையை நான் பார்த்ததில்லை. அம்மாவை நினைத்தாலே எனக்கு ஆத்திரமாக வந்தது. பெரியப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து என் தட்டை அவருடைய தட்டுக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லிவிட்டார்.

அம்மா அவர் எதிரே வந்து பேசும் வழக்கமில்லை. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று, அவர் காதில் விழட்டும் என்றே அப்பாவிடம் சொன்னாள்.

"எம் பொண்ணு வயித்துல நெலத்தப் பதுக்குறாரு உங்க அண்ணன். கேக்க ஒரு நாதியில்ல."

அப்பா எழுந்து மாட்டைப் பார்க்கப் போனார். பெரியப்பா என் தட்டில் இன்னொரு கரண்டி நெய் விட்டார்.

உச்சவரம்பு விசாரணைக்கு அதிகாரி ஜீப்பில் வந்தார். அன்று காலை எனக்குப் புடவை கட்டிவிட்டார்கள். அம்மாவின் கூறைப்புடவை. அம்மாதான் கட்டிவிட்டாள். கொசுவம் வைக்கும்போது என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. எனக்கோ இடுப்பில் அரிப்பு, கழுத்தில் வேர்வை, ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. வயசு கேட்டால் பதினெட்டு என்று சொல்ல வேண்டும், வேறு எதுவும் பேசக் கூடாது என்று பெரியப்பா பழக்கியிருந்தார். சரியாகச் சொன்னால் ஒரு தட்டுத் தம்ரூட்.

அதிகாரி எங்கள் வீட்டிலேயே வடை பாயசத்தோடு சாப்பிட்டார். பிறகு களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எதிரே வயலாட்கள் நின்றார்கள். முன்வரிசையில் அஞ்சலை அவள் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் புடவையில் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அதிகாரி கேட்டார். நான் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல உரக்க, "பதினெட்டு" என்றேன்.

அஞ்சலையின் அப்பா அவளைக் கையைப் பிடித்து முன்னே கொண்டுவந்தார். என் பக்கத்தில் நிறுத்தினார். "ஐயா, இதும் எம் பொண்ணும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சதுங்க. ரெண்டும் ஒரே ஐப்பசியில பொறந்ததுங்க."

அதிகாரி எங்களைப் பார்த்தார். அஞ்சலை என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே இருந்தாள். பாவாடை இடுப்பில் நிற்காமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள்.

"என்னய்யா, இதுக்கு எட்டு வயசு இருக்குமா? இதுவும் அதுவும் ஒரே வயசுன்னா எவன் நம்புவான்?"

எங்கள் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். அந்தப் பக்கத்திலும் ஒன்றிரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அஞ்சலையின் அப்பா சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"அது தின்னுச்சுங்க. இது திங்கலைங்க. அவ்வளவுதாங்க வித்தியாசம்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கேளுங்கள் என்று கூட்டத்தில் யாரோ குரல் கொடுத்தார்கள். தலைமையாசிரியர் எங்கள் தோட்டத்து வீட்டில் வாடகையில்லாமல் குடியிருந்தார், அன்றைக்கு அவர் லீவு. கண்ணால் பார்த்ததே போதும் என்று சொல்லி அதிகாரி ஜீப்பில் ஏறிவிட்டார். வாய்க்கால் மேட்டு ஐந்து ஏக்கர் என் பெயரில் நின்றது. அதில் ஒரு மரக்கால் நெல்லையும் நான் கண்டதில்லை, அது வேறு கதை.

அன்று இரவு தம்ரூட் வரவில்லை. மறுநாள் களியும் இல்லை. என் தட்டு பழையபடி அடுக்களைக்குப் போயிற்று. அம்மா அதில் கொஞ்சம் சோறும் நிறையக் கீரையும் பாசிப்பயறும் வைத்தாள். நான் தட்டைத் தள்ளிவிட்டுக் கூடத்துக்கு ஓடி, நெய் வேண்டும் என்று பெரியப்பாவிடம் அழுதேன். அவர் வெற்றிலையிலிருந்து தலையைத் தூக்காமல், அம்மா சொல்றதக் கேளு என்றார். அம்மா என்னமோ சொல்லி அவர் மனதைக் கெடுத்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. பதினெட்டு வயதுக்காரி ஆறாம் வகுப்பில் போய் எப்படி உட்காருவாள்? அதற்குப் பதிலாக, விடிந்தும் விடியாமலும் அம்மா என் கையைப் பிடித்து வாய்க்கால் கரையில் நடத்திக் கூட்டிப்போவாள். நான் கால் வலிக்கிறது என்று உட்காருவேன். அவள் கெஞ்சுவாள், இழுப்பாள், சில நாள் முதுகில் ஒன்று வைத்துவிட்டு அவளே அழுவாள்.

அப்படி ஒரு காலையில் அஞ்சலை புத்தகப் பையோடு எதிரே வந்தாள். நான் ஓடிப் பிடிக்கலாம் வா என்று கூப்பிட்டேன். அவள் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நெசமாவே ஒனக்குப் பதினெட்டாடி?"

"ஆமா" என்றேன் பெருமையாக.

அவள் கரையை விட்டு இறங்கி, சேற்றில் கால் வைத்து என்னைச் சுற்றிக்கொண்டு போனாள். அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. அம்மா, நட என்று என் கையை இழுத்தாள். நான் மூச்சு வாங்க வாங்க நடந்தேன். அஞ்சலைக்குத் தம்ரூட் கிடைக்காத பொறாமை, அம்மாவுக்கு என்மேல் பாசமே கிடையாது, இந்த ஊரில் என்னை நேசித்தவர் பெரியப்பா ஒருவர்தான் என்று எனக்கு அன்றைக்கு ஒரு சந்தேகமும் இல்லை.